திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றவர்

மீளாச் செயல் அனுமதி நிலையத்தைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரையாவது அந்த நிலையம் தவறுதலாக எரித்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாத காரியங்கள் எல்லாவற்றுக்கும் அங்கேதான் அனுமதி வாங்க வேண்டும். மரம் வெட்டுவது, கட்டடம் இடிப்பது, கிணற்றை மூடுவது, பிணத்தை எரிப்பது எல்லாம் அந்த ஒரே கவுன்ட்டரில்தான். புதைப்பதற்கு மட்டும் அனுமதி தேவையில்லை. புதைத்ததைத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம், ஆகவே அது மீளும் செயல் என்று விதி எழுதியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் யாரும் தோண்டிப் பார்த்ததில்லை.

தையற்காரர் காலையிலேயே வந்து வரிசையில் நின்றார். சொன்ன தேதியில் துணியைக் கொடுக்கிற தையற்காரர் அவர். அப்படி ஒருவர் இருக்க முடியாது என்று நம்பியவர்கள் சண்டைக்குத் தயாராகக் கடைக்குப் போய், தைத்து மடித்து வைத்த துணியைப் பார்த்து ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். அவர் உத்தமர் என்று சொல்லவரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், அவ்வளவுதான். அந்தக் குறைபாட்டோடு ஓர் அலுவலகத்துக்குள் நுழைவது எவ்வளவு ஆபத்து என்பது அவருக்குத் தெரியாது.

முந்தைய நாள் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கடையில் பித்தான் தைப்பதும் இஸ்திரி போடுவதும் அவள் வேலை. எப்போதோ ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டு பாதி உயிர் போய் வெளியே வந்தவள், அதற்குப் பிறகு குளியலறைக் கதவைக்கூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள். அவர்தான் வாசலில் காவல் நிற்பார். "நான் செத்தா மண்ணுக்குள்ள மூடி வெச்சிராதீங்க, மூச்சு முட்டும். எரிச்சிருங்க" என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறாள். செத்த பிறகு ஏது மூச்சு என்று அவர் வாதாடியதில்லை. சரி என்று சொன்னார். அவர் சரி என்று சொன்னால் சரிதான்.

இப்போது அவள் இந்த நிலையத்தின் அடித்தளத்தில், குளிர் அறையில், ஓர் இரும்பு இழுப்பறைக்குள் இருந்தாள். இறந்தவர்கள் முதலில் அங்கே வந்துதான் ஆக வேண்டும். அந்தச் சாண் உயர இரும்புப் பெட்டியிலிருந்து அவளைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இல்லை.

கவுன்ட்டருக்கு மேலே 'சொன்னது சொன்னபடி' என்று பெரிதாக எழுதியிருந்தது. கீழே பதிவாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். மக்கள் சொல்வதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பதிவு செய்வது நிலையத்தின் தனிப்பெருமை. தையற்காரருக்கு முன்னால் நின்றவர் மரம் வெட்ட அனுமதி கேட்டு வந்திருந்தார்.

"எதுக்கு வெட்டணும்?"

"அந்த மரத்தால தினம் உயிர் போகுதும்மா. இலை அள்ளி மாளல."

"தினம் உயிர் போகுது" என்று அம்மா எழுதிக்கொண்டார். "பிணத்தையெல்லாம் என்ன பண்ணினீங்க?"

"ஐயோ, பேச்சுக்குச் சொன்னேன்மா."

"பேச்சுக்குச் சொல்றதைத்தான் இங்க எழுதுவோம். போலீஸ் வர்ற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காருங்க. அடுத்தவர் வாங்க."

தையற்காரர் முன்னால் போனார். இதைப் பார்த்த பிறகாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும். நான்தான் ஒன்றும் மிகைப்படுத்திப் பேசப்போவதில்லையே என்று நினைத்துவிட்டார்.

"யாரு இறந்தது?"

"என் மனைவிம்மா."

"புதைக்கறதுன்னா பின்பக்கம் போங்க, கேள்வியே கிடையாது. எரிக்கறதுன்னாத்தான் இங்க."

"எரிக்கணும். அவ ஆசை அது."

"ஆசை இருக்கட்டும். உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாங்க?"

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூக்கில் வைத்த குழாயைக் கையால் விலக்கிவிட்டு அவள் பேசியது அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது.

"'போயிட்டு வர்றேங்க, அடுப்பை அணைச்சுட்டேனான்னு பாத்துக்குங்க'ன்னு சொன்னாம்மா."

பேனா நின்றது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"போயிட்டு வர்றேன்னு சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப வருவாங்களே."

"இல்லம்மா, வீட்டை விட்டுக் கிளம்பறப்ப யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? எல்லாரும் போயிட்டு வர்றேன்னுதானே சொல்லுவோம்?"

"எல்லாரும் சொல்லிட்டா அது பொய்யாயிடுமா? சொன்னது சொன்னபடி. அதோட அடுப்பை அணைக்கச் சொல்லியிருக்காங்க. அதாவது நெருப்பு வேண்டாம்னு தெளிவா சொல்லியிருக்காங்க. நீங்க என்னடான்னா எரிக்கணும்னு வந்து நிக்கறீங்க." அம்மாவின் பார்வையில் மெல்லிய சந்தேகம் படர்ந்தது. "உங்களுக்குள்ள ஏதாவது தகராறா?"

திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றவர்களை மீளாச் செயலுக்கு உட்படுத்தக்கூடாது என்று விதி இருந்தது. இடம் மாறிப் போகிறவர்கள் திரும்பி வந்து, என் வீட்டை ஏன் இடித்தீர்கள் என்று கேட்டுவிடக்கூடாது என்பதற்காக யாரோ எழுதிய விதி. எழுதியவர் வீடு என்ற சொல்லைப் போட மறந்துவிட்டார். மறந்ததைச் சேர்ப்பது மீளாச் செயல் என்பதால் யாரும் சேர்க்கவில்லை.

ஆகவே தையற்காரரைக் காத்திருப்பு அறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வருவதாகச் சொன்னவருக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டுமல்லவா? அவர் பக்கத்தில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டார்கள். ஊழியர் ஒருவர் அதைத் துணியால் துடைத்துக்கூட விட்டார். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற தையற்காரரின் மனைவி எங்கிருந்தாலும் உடனடியாகக் காத்திருப்பு அறைக்கு வரவும். உங்கள் கணவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

அறையில் இருந்த எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தையற்காரரும் பார்த்தார். பார்த்ததற்காகத் தன் மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அடுத்த முறை அறிவித்தபோதும் பார்த்தார். மதியம் வரைக்கும் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கழுத்து தானாகவே திரும்பியது. நிலையத்தின் ஊழியர்கள் அதையும் கவனித்து, 'கணவருக்கே எதிர்பார்ப்பு இருக்கிறது' என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் அவர் இயக்குநரைப் பார்க்கப் போனார். இயக்குநர் கனிவானவர். துக்கத்தில் வருகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

"உக்காருங்க. உங்க துக்கத்தை நாங்க மதிக்கறோம். எரிக்கணும்னு எத்தனை பேர் வந்து இங்க குதிக்கறாங்க தெரியுமா? எரிச்ச பிறகு சம்பந்தப்பட்டவங்களே வந்து நின்னு, 'சார், நான் வர்றேன்னுதானே சொன்னேன்'னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? என் வேலை அனுமதி கொடுக்கறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. தப்பு. நான்தான் கொடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிடாம பாத்துக்கறதுதான் என் வேலை. இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"சார், அவளுக்கு மூடின இடம்னா ஆகாது. அந்த இழுப்பறையையாவது கொஞ்சம் திறந்தாப்பல வைக்கச் சொல்லுங்க சார்."

"உள்ள இருக்கறவங்ககிட்டருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லைங்க" என்றார் இயக்குநர், கொஞ்சம் மனம் நொந்து. "புகார்ப் பெட்டியே அந்த அறைக்குள்ளதான் மாட்டியிருக்கோம்."

தையற்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பயிற்சியில் இதற்கும் பாடம் இருந்தது போலிருக்கிறது. இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஒரு வழி இருக்கு. வர்றேன்னு சொன்னவங்க வரமாட்டாங்கன்னு நாங்க எப்ப நம்பலாம்? அவங்க பேச்சுத் தவறறவங்களா இருந்தா நம்பலாம். அந்தம்மா வாயைத் திறந்தாலே பொய்தான்னு சொந்தக்காரங்க வந்து சொல்லணும். நீங்க ஒருத்தர், கூடப் பொறந்தவங்க யாராவது ஒருத்தர். முடிஞ்சது."

கூடப் பிறந்தவள் ஒரு தங்கைதான். வீட்டில் சின்னவள் என்று பெயர். அக்கா வளர்த்த பெண். போன் போட்டதும் அழுது வீங்கிய முகத்தோடு ஓடி வந்தாள். விசாரணை அறைக்கு வெளியே வைத்து, உள்ளே கேட்பதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடு என்று மட்டும் அவர் சொன்னார். அதற்கு மேல் விளக்க அவருக்கு நா எழவில்லை. அந்தத் தப்புக்கு அவரை மன்னித்துவிடலாம். தன் பெண்டாட்டியைப் பொய்க்காரி என்று சொல்லப் போகிறேன் என்பதை எந்த மனிதன் முன்கூட்டி விளக்கிச் சொல்லுவான்?

விசாரணை அறையில் மேஜை, மின்விசிறி, மூலையில் ஒரு தண்ணீர் கேன். அழுகிறவர்களுக்காக ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டைகளும் இருந்தன. பெட்டியைப் பிரித்தால் மறுபடி ஒட்ட முடியாது என்பதால் அது வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாமல் இருந்தது.

"உங்க மனைவி சொன்ன பொய்யெல்லாம் சொல்லுங்க" என்றார் இயக்குநர். பதிவாளர் அம்மா பேனாவைத் திறந்தார்.

தையற்காரர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் நல்லதாக ஒரு பொய் கிடைக்கவில்லை.

"பசிக்கலன்னு சொல்லுவா சார். ஒருத்தருக்குத்தான் சாப்பாடு இருக்கும். எனக்குப் போட்டுட்டு, நான் எழுந்து போன பிறகு பாத்திரத்தை வழிச்சுச் சாப்பிடுவா."

"கணவருக்குத் தெரியாமல் தின்றிருக்கிறார்" என்று எழுதினார் அம்மா.

"அப்புறம் வலி இல்லன்னு சொன்னா சார். வயித்துல அவ்வளவு பெரிய கட்டியை வெச்சுக்கிட்டு, வலியே இல்லங்க, வாயுதான்னு சொல்லிக்கிட்டே உக்காந்து பித்தான் தெச்சா. டாக்டர்கிட்ட போனா, சொன்ன தேதிக்கு என்னால துணி கொடுக்க முடியாதேன்னு..." சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புருஷன்கிட்டயே மறைச்சிருக்காங்க பாருங்க" என்று இயக்குநர் தலையை ஆட்டினார். "ஆனா இதெல்லாம் சில்லறைப் பொய்ங்க. இதை வெச்சு எரிக்க முடியாது. கனமா ஒண்ணு வேணும். வேற யார்கூடயாவது பழக்கம், அந்த மாதிரி ஏதாவது?"

தையற்காரருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். போனால் அவள் கீழேயே கிடப்பாள். இருட்டில், முகத்துக்கு மேலே இரும்பு இடிக்கிற அந்த இடத்தில். குளியலறைக்குள்ளிருந்து "ஏங்க, இருக்கீங்களா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறவள் அவள். அவர் கண் அறையைச் சுற்றி வந்து மூலையில் நின்றது.

"இருந்தான் சார்."

"யாரு?"

"தண்ணி கேன் போடறவன்."

"எப்ப வருவான்?"

"நான் அளவெடுக்க வெளிய போயிருக்கறப்ப."

வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய். முதல் பொய்யே பிசிறில்லாமல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

சின்னவள் அவர் கையை உதறினாள்.

"அத்தான்! என்ன பேசறீங்க? எங்கக்காவையா?"

"சின்னவளே, ஆமான்னு சொல்லு" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"உங்களுக்காகப் பட்டினி கிடந்து செத்தவளை, பிணம் ஆறறதுக்குள்ள... வாய் கூசல உங்களுக்கு? அவ அப்படிப்பட்டவன்னா எனக்கு அக்காவே இல்ல. இனிமே நீங்க யாரோ, நான் யாரோ!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். பின்னால் ஓடுவதற்காக அவர் பாதி எழுந்தார். நடுவில் எழுந்து போனால் விசாரணை ரத்தாகிவிடும் என்று அம்மா நினைவுபடுத்தினார். மறுபடி உட்கார்ந்தார். அம்மா குனிந்து, அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். வர்றேன்னு அவங்க சொன்னது பொய்னு நிரூபணமாயிடுச்சு. இனிமே அவங்க வரமாட்டாங்க."

"ரொம்ப நன்றி சார்" என்றார் தையற்காரர். தான் எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது அவருக்கு உடனே உறைக்கவில்லை.

"ஆனா ஒரு சின்னச் சிக்கல். என்னை எரிச்சிருங்கன்னு சொன்னது யாரு?"

"அவதான் சார்."

"அவங்க பேசறது பூராப் பொய்யாச்சே. பொய் பேசறவங்க எரிக்கச் சொன்னா என்ன அர்த்தம்?"

"புதைக்கச் சொன்னதா அர்த்தம்" என்றார் பதிவாளர் அம்மா.

"அதேதான். நாளைக்கே புதைச்சிடலாம்."

தையற்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஐயோ சார்! நான் சொன்னது பொய் சார்! எங்க வீட்ல தண்ணி கேனே கிடையாது, குழாய்த் தண்ணிதான். அவ பத்தரை மாத்துத் தங்கம் சார். பொய் சொன்னது நான் சார், நான்!"

"நிதானமா சொல்லுங்க" என்றார் அம்மா. "பொய் சொன்னது யாரு?"

"நான்!"

"சொன்னது சொன்னபடி" என்று எழுதிவிட்டு, அம்மா பழைய பக்கங்களைப் புரட்டினார். முகத்தில் தொழில் தெரிந்தவருக்குரிய ஒரு நிம்மதி. "சார், இவர் பொய் பேசறவர்னா, இறந்தவங்க தன்னோட மனைவின்னு சொன்னதும் இவர்தான்."

"கல்யாணப் பத்திரம் இருக்கும்மா!"

"அதுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"அவ தங்கச்சி இருக்கா. அவளைக் கேளுங்க" என்றார் தையற்காரர்.

அம்மா வாசித்தார்: "'எனக்கு அக்காவே இல்ல. இனிமே நீங்க யாரோ, நான் யாரோ.'"

இயக்குநர் மேஜையில் விரலால் தாளம் போட்டார்.

"அப்ப கீழ இருக்கற அம்மாவுக்கு சொந்தம்னு ஒருத்தரும் இல்ல. அனாதைப் பிணம்."

"அனாதைப் பிணத்தை என்ன பண்ணுவீங்க?" தையற்காரர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அனாதைப் பிணமா?" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "உடனே எரிச்சிடுவோம். அவங்க யார்கிட்டயும் வர்றேன்னு சொல்லிட்டுப் போகலையே! கேள்வி இல்ல, விசாரணை இல்ல, காக்க வைக்கறது இல்ல. எங்க சேவையோட அருமையை நீங்க அங்கதான் பாக்கணும். இந்தச் சொந்தக்காரங்க வந்து நடுவுல நிக்கறதாலதான் எங்களுக்குக் கெட்ட பேரே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க உரிமையையும் சொல்லிடறேன். இல்ல, நான்தான் அவங்க புருஷன்னு நீங்க மேல்முறையீடு பண்ணலாம். அது மெதுவாத்தான் நடக்கும். அது வரைக்கும் அவங்க கீழ பத்திரமா இருப்பாங்க. முடிவு உங்க கையில."

தையற்காரர் சுவரைப் பார்த்தார். அவளோடு குடித்தனம் நடத்திய வருஷங்களில் ஒருநாள்கூட அவள் உங்களுக்கு யாரென்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஊரில் இருவருக்கும் ஒரே பெயர்தான், தையற்கடைக்காரங்க.

"கீழ இருக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அம்மா இந்த முறை திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

நிலையம் வாக்குத் தவறவில்லை. அவர் மாடிப்படி இறங்கி வருவதற்குள் இழுப்பறையைத் திறந்து அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். உலைக்கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தன. எல்லாமே காலி. அவர் முன்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். காவலாளி வந்தார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல."

"எழுந்திருங்க அப்போ. இது சொந்தக்காரங்க உக்கார்ற இடம்."

எழுந்து பின்சுவரோரம் போய் நின்றார். அங்கிருந்து வெள்ளைத் துணியின் ஒரு முனை மட்டும் தெரிந்தது. மடித்துத் தைத்த ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. அவர் கை தானாக மேலே எழுந்து, இடையில் இருந்த கண்ணாடியை நினைத்துக் கீழே இறங்கியது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

இயக்குநர் மேற்பார்வைக்காக அந்தப் பக்கம் வந்தார். கூடவே பதிவாளர் அம்மாவும் வேறு சில ஊழியர்களும் வந்தார்கள். அழுதுகொண்டு நிற்கிற மனிதரைக் கண்டதும் இயக்குநர் நின்றுவிட்டார். உண்மையாகவே நெகிழ்ந்துபோனார் என்று சொல்ல வேண்டும்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் ஊழியர்களிடம். "யாருன்னே தெரியாத ஒரு அனாதைப் பிணத்துக்காக இந்த மனுஷர் எப்படிக் கண்ணீர் விடறார் பாருங்க. சொந்தக்காரங்க வந்து அழறது பெரிய விஷயமா? யார் வேணா அழலாம். ஒட்டும் இல்ல, உறவும் இல்ல, ஆனா நின்னு அழறார். இவரைப் பாத்து நாமெல்லாம் கத்துக்கணும். ஒரு தடவை எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். காவலாளியும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். நிறுத்தலாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெகுநேரம் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் உலையின் கதவு திறந்து மூடியது தையற்காரருக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டி காலியாக நின்றது.